மிடறு இழந்தோரின் குரல்

1873-ஆம் ஆண்டு டிசம்பர் 31. வியன்னா நகரில் தியோடர் பில்ரோத் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட ஒருவரின் குரல்வளையை முழுவதுமாக அகற்றினார். புற்றுநோய்க்காக இவ்வாறு செய்யப்பட்ட முதல் அறுவை இதுவே என்று மருத்துவ வரலாற்றில் பொதுவாகக் கூறுவர். நோயாளிக்கு வயது 36. தொழில் சமயம் கற்பித்தல். நம் வழக்கில் சொன்னால், மறைக்கல்வி ஆசிரியர். பேச்சினால் பணி செய்தவருக்குப் பேச்சே பறிபோயிற்று.

பில்ரோத்தின் உதவியாளர் கார்ல் குசென்பௌவர் அவருக்கென ஒரு செயற்கைக் குரல்வளை செய்தார். நம் கோவில் ஆர்மோனியத்தில் இருப்பது போன்ற ரீடு ஒன்று அதில் இருந்தது. நுரையீரல் காற்றுப் பட்டு அது அதிர, ஓசை வாய்க்குள் ஏறிற்று. ஏற்ற இறக்கமற்ற குரல்தான். எனினும் அவர் பேசினார். சில மாதங்களில் நோய் திரும்பி வந்து அவர் உயிரைக் கொண்டது.

இது எவ்வாறு இயன்றது? எழுத்துப் பிறக்கும் இடங்கள் எட்டு என்கிறார் தொல்காப்பியர். மிடறு அவற்றுள் ஒன்று. நாவும் பல்லும் இதழும் அண்ணமும் வேறு. குரல்வளை அகற்றப்பட்டவர் இழப்பது மிடற்றின் ஓசையை. அவர் மூச்சு கழுத்திலிட்ட துளை வழியே போய்வருவதால், வாய்க்கு ஓசை எட்டுவதில்லை. சொல்லை வனையும் உறுப்புகளோ அப்படியே உள்ளன. எங்கிருந்தேனும் ஓர் ஓசை வாய்க்குள் புகுந்தால், அவை அதனைச் சொல்லாக்கிவிடும்.

அவ்வோசைக்கு மூச்சே தேவையில்லை என்று தெளிய நெடுங்காலம் ஆயிற்று. 1920-களில் அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்தார் அளித்ததும் ரீடு கருவியே. பின்னர் கில்பர்ட் ரைட் என்பவர், கழுத்தின் வெளிப்புறத்திலிருந்தே ஓசையைச் செலுத்தும் 'சோனோவாக்ஸ்' கருவியை அமைத்தார். 1941-இல் வெளிவந்த 'டம்போ' படத்தில் புகைவண்டி பேசியது அதனால்தான். நோயுற்றோர்க்கு உதவவேண்டிய வழி, முதலில் சிறுவரைச் சிரிக்கவைத்துப் பெயர் பெற்றது!

1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தபின், கருவி கைக்குள் அடங்கிற்று. 1960-ஐ ஒட்டி அந்நிறுவனம் வெளியிட்ட மின்குரல் கருவியைக் கழுத்தில் அழுத்திப் பிடித்தால், அதன் தகட்டின் அதிர்வு தோல் வழியே உட்செல்லும். ஆடவர்க்கும் பெண்டிர்க்குமெனச் சுருதி வேறுபட்ட இருவகைகள் உண்டு. இலாபம் கருதாமல் அதனை விற்றனர் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஆயினும் எதிர்ப்பு எழுந்தது. உணவுக்குழலுக்குள் காற்றை வாங்கி, அதை வெளிவிட்டுப் பேசும் முறையே மேலானது, கருவி வெறும் ஊன்றுகோல் என்று பயிற்சியாளர் பலர் கருதினர். கருவியைத் தொட்டால் முயற்சி குன்றும் என அஞ்சி, அதனைத் தள்ளியே வைத்தனர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. அம்முறை பலருக்குக் கைவரவே இல்லை. கைவரும்வரை அவர்கள் வீட்டாரோடு பேசாதிருக்க வேண்டுமோ? முடவனிடமிருந்து ஊன்றுகோலைப் பறிப்பது எவ்வகைக் கல்வி?

1980-ஐ ஒட்டி, மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே சிறு வால்வு பொருத்தும் முறையைச் சிங்கர், பிளாம் இருவரும் கண்டனர். இன்று பலர் அவ்வழியில் பேசுகின்றனர். மின்குரல் கருவியும் மறைந்துவிடவில்லை.

அதன் ஒரே சுருதியிலான ரீங்காரம் கேட்போர்க்கு இயந்திர ஒலியாகவே படுகிறது. பேசும்போது ஒரு கை அதற்கே வேண்டியிருக்கிறது. இக்குறையை 1960-ஆம் ஆண்டுக் கருவியைச் செய்தோரே அறிந்திருந்தனர் போலும். அதன் பொத்தானை விரலால் கூட்டியும் குறைத்தும் அழுத்தினால் சுருதி மாறும். கேள்வி கேட்பவர், விரலால் தம் குரலை உயர்த்திக்கொள்ளலாம்.