குத்துக்கற்களின் நிலப்படம்

1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்திற்காக உருவான நெய்வேலி நகரியம், வட்டங்களாகப் பிரித்து எண்ணிடப்பட்ட ஊராகும். அதனை அடுத்துள்ள திறந்தவெளிச் சுரங்கங்களிலோ, நிலக்கரியை அடையும் பொருட்டு மேல்மண் முழுவதும் அகற்றப்படுகிறது. நிலத்தின் மேற்பரப்பு எத்துணை விரைவில் மறைந்துவிடும் என்பதை இவ்வூரார் நன்கறிவர். மேற்பரப்பில் மட்டுமே எஞ்சியிருக்கும் தொல்சான்றுகளைப் பற்றியும் இங்கிருந்தே எண்ணிப் பார்க்கலாம்.

மண்ணுள் புதைந்த தாழி, தன்னுள் எலும்பையும் மட்கலத்தையும் காத்து வைத்திருக்கும். கடலூர் மாவட்டத்து மருங்கூரில் 2024இல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு மேற்கொண்டது இத்தகைய சான்றுகளை நாடியே. ஆனால் எழுத்தற்ற சிறு குத்துக்கல்லுக்கு அது நிற்கும் இடமே சான்று. அண்டைக் கற்களிலிருந்து எத்தனை முழம், எத்திசை நோக்கி என்பதிலேதான் அதன் பொருள் அடங்கியுள்ளது. பெயர்த்தெடுத்தால் அது வெறுங்கல்.

தெலங்கானாவில் கிருஷ்ணை ஆற்றங்கரையிலுள்ள முடுமால் இதற்கு நல்ல சான்று. அங்கே ஏறத்தாழ 80 நெடுங்கற்களும், அவற்றைச் சூழ ஆயிரக்கணக்கான சிறு கற்களும் உள்ளன. ஐதராபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.பி. ராவ் அவற்றை ஆராய்ந்து, சில வரிசைகள் கதிரவனின் உதய, மறைவுத் திசைகளோடு பொருந்துவதாகக் கருதினார். அக்கருத்தை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் கற்களின் துல்லியமான நிலப்படமே துணை. 2025இல் முடுமால் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது.

தமிழகத்தில் பெருங்கற்காலச் சின்னங்களைப் பாண்டவர் குழி, வாலியர் வீடு, குரங்குப் பட்டடை என மக்கள் வழங்குவர். பேராசிரியர் கா. ராஜனும் உடனாய்வாளரும் தமிழகத் தொல்லியல் இடங்களைத் தொகுத்து 2009இல் வெளியிட்ட பட்டியல் பெரும்பணி. எனினும், ஊர்ப்பட்டியல் வேறு. ஒவ்வொரு கல்லையும் குறிக்கும் நிலப்படம் வேறு. கைப்பேசியின் புவியிடங்காட்டி சில மீட்டர் பிழை காட்டக்கூடும். நெருங்கி நிற்கும் கற்களுக்கு அது போதாது. அசையாத ஓரிடத்தை அளவைப் புள்ளியாகக் கொண்டு, நாடாவாலோ அளவைக் கருவியாலோ தொலைவும் கோணமும் குறித்தல் வேண்டும். கல்லின் உயரம், சாய்வு, விழுந்துள்ள திசை ஆகியவற்றையும் எண்ணிட்டுப் பதிய வேண்டும்.

கப்றின் தலைமாட்டில் மீஸான் கல் ஊன்றும் நமக்கு இது விளங்காததன்று. உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களின் கப்றை அறிந்துகொள்ளும் பொருட்டுப் பெருமானார் (ஸல்) அவர்கள் தலைமாட்டில் ஒரு கல்லை வைத்தார்கள் என்று அபூதாவூத் தொகுப்பு அறிவிக்கிறது. இடம் பெயராத வரையில்தான் அக்கல் அடையாளம். குத்துக்கற்கள் அனைத்தும் ஈமக்கற்கள் அல்ல. ஆயினும் அவற்றை ஊன்றியோர் அந்த இடத்தைத் தேர்ந்தே ஊன்றினர். உழவுக்கும் சாலைக்கும் கற்கள் அகற்றப்படுமுன் அவ்விடத்தைப் பதிந்து வைப்பது, நம் தலைமுறையால் இயலக்கூடிய எளிய கடமை.