புட்டின் உகரம்

டிசம்பர் 16 தொடங்கி 24 வரை ஒன்பது நாள், பொழுது புலருமுன் பிலிப்பைன்ஸ் நாட்டுத் தேவாலயங்களில் பூசை நடக்கும். சிம்பாங் கபி என்பார்கள். இரவு வழிபாடு என்று பொருள். பூசை முடிந்து வருகிறவர்களுக்காகக் கோயில் வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். அடுப்பின்மேல் ஒரு பாத்திரம், அதன் தலையில் வரிசையாகத் துளைவாய்கள், ஒவ்வொன்றிலும் செருகிய மூங்கில் குழாய். குழாயின் நுனியில் ஆவி பீறிட்டதும் விற்கிற பெண் அதை உருவியெடுத்து வாழையிலையில் தட்டுவாள். கத்தரிப்பூ நிறத்தில், விரல் நீளத்துக்கு ஒன்று விழும். மேலே வெண்ணெய், துருவிய தேங்காய், பழுப்புச் சர்க்கரை. அதன் பெயர் புத்தோ பும்போங். பும்போங் என்றால் தகாலோக் மொழியில் மூங்கில் குழாய். புத்தோ என்றால்?

குழாய்ப்புட்டு தின்று வளர்ந்தவர்களுக்கு விடை உடனே நாக்கில் வந்துவிடும். ஆனால் ஓசை ஒத்திருக்கிறது என்று உறவு கொண்டாடி ஏமாந்த கதைகள் சொல்லாராய்ச்சியில் ஏராளம். இந்தச் சொல்லிலேயே ஒரு பொய்யுறவு காத்திருக்கிறது. பிலிப்பைன்ஸ் 1565 முதல் 1898 வரை ஸ்பெயினின் கீழ் இருந்த நாடு. ஸ்பானிய மொழியிலும் இதே ஓசையில் ஒரு சொல் உண்டு; அது தெருச்சண்டையில் வருகிற வசவு. பலகாரத்துக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஓசை ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஓசையை மட்டும் நம்பினால் இந்த உறவையும் ஒப்புக்கொள்ள நேரும். எனவே எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்ப்பதே நல்லது.

கடைசி எழுத்திலிருந்து தொடங்குகிறேன். தகாலோக்கின் பழைய எழுத்துமுறையான பாய்பாயினில் உயிர்க் குறிகள் மூன்றுதான். அகரத்துக்கு ஒன்று, இகர எகரங்களுக்குச் சேர்த்து ஒன்று, உகர ஒகரங்களுக்குச் சேர்த்து ஒன்று. அந்த மொழியில் உகரமும் ஒகரமும் ஒரே உயிரின் இரண்டு முகங்கள். சொல்லின் இறுதியில் நின்றால் ஒகரமாக ஒலிக்கும், பின்னால் விகுதி வந்து ஒட்டினால் உகரமாகத் திரும்பும். புத்தோ அவிக்கிற பாத்திரத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் புத்துஹான். ‘ஹான்’ என்ற விகுதி சேர்ந்தவுடன் மறைந்திருந்த உகரம் வெளியே வந்துவிட்டது. ஆகவே அந்த ஒகரத்தை நாம் உகரமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

இதே வித்தையைக் காட்டும் இன்னொரு சொல்லும் அங்கே உண்டு. கைதிக்குத் தகாலோக்கில் பிலாங்கோ. சிறைச்சாலைக்குப் பிலாங்குவான். மலாயில் பெலெங்கு என்றால் கைவிலங்கு. நம் விலங்குதான். கைவிலங்கு கடல் தாண்டி, அதை மாட்டிக்கொண்டவனின் பெயராகிவிட்டது. அவனை அடைக்கும் கட்டடத்தின் பெயரில் நம் குற்றியலுகரம் இன்னும் இருக்கிறது.

அடுத்து நடுவிலுள்ள மெய். தமிழில் எழுதும்போது வல்லோசைக்காக நான் ‘த்’தை இரட்டித்துப் புத்தோ என்கிறேன். அவர்கள் வாயில் அது ஒற்றைத் தகரம், முந்தைய உகரம் சற்று நீண்டு ஒலிக்கும். புட்டின் இரட்டை டகரம் எங்கே போயிற்று? மலாய் மொழி இரட்டை மெய்களை வைத்துக்கொள்ளாது. நம் டகரத்துக்கான நாவளைவும் அதற்குக் கிடையாது. பெட்டி அங்கே பெதி, கட்டில் காதில், சுருட்டு செருத்து. அதே கணக்கில் புட்டு போனால் புத்துவாகத்தான் வர வேண்டும். அப்படியே வந்திருக்கிறது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் புத்து என்பது பலகாரங்களின் குடும்பப் பெயர். மூங்கிலில் அவிப்பது புத்து பாம்பு. தட்டு வடிவில் பனைவெல்லம் உள்ளே வைத்து அவிப்பது புத்து பிரிங். நாம் இடியாப்பம் என்பது மலேசியாவில் புத்து மாயம்.

மலாய் தொலைத்ததை ஜாவா காப்பாற்றி வைத்திருக்கிறது. ஜாவானிய மொழிக்குத் தகரமும் உண்டு, நாவளைந்த டகரமும் உண்டு. இரண்டையும் மாற்றிச் சொன்னால் பொருள் மாறும். அங்கே தகரம் வைத்துப் புத்து என்றால் பேரப்பிள்ளை. டகரம் வைத்துப் புட்டு என்றால் அவித்த பலகாரம். ஜாவானிய எழுத்திலும் அதற்கு நாவளை எழுத்தையே போடுகிறார்கள். இதை முதலில் அறிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதுவரை புட்டு–புத்தோ உறவு நடக்கக்கூடியது என்று மட்டும் எண்ணியிருந்தேன். ஜாவாவின் அந்த ஒற்றை எழுத்து என் ஐயத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிட்டது.

இன்னும் முதலெழுத்து மிச்சம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சான்று அதில்தான்.

நம் ஏடுகளில் இந்தப் பண்டத்தின் பெயர் பிட்டு. மதுரையில் வந்திக் கிழவியின் பிட்டுக்காகச் சிவபெருமான் மண் சுமந்த கதையைத் திருவாசகம் குறிக்கிறது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் விரித்துச் சொல்கிறது. ஆவணி மூலத்தில் இன்றும் அந்த விழா நடக்கிறது. ஆனால் விழா நடக்கும் இடத்தை மதுரைக்காரர்கள் புட்டுத்தோப்பு என்றுதான் அழைக்கிறார்கள். ஏட்டில் பிட்டு, வாயில் புட்டு.

இது சோம்பேறித்தனத்தால் வந்த திரிபாகாது. பேச்சுத் தமிழின் ஒழுங்கான விதி. இதழ் பொருந்திப் பிறக்கும் எழுத்து முன்னேயும், நா வளைந்து பிறக்கும் எழுத்து பின்னேயும் நின்றால், நடுவில் அகப்பட்ட இகரம் உகரமாகும், எகரம் ஒகரமாகும். பிடி புடியாகிறது, பிள்ளை புள்ளையாகிறது, பெண் பொண்ணாகிறது. பிட்டு புட்டாவதும் அப்படியே. மலையாளத்திலும் புட்டுதான்.

பிட்டு என்ற சொல்லுக்கு மூலம் எது என்பதில் இரண்டு கட்சி உண்டு. மாவு என்று பொருள்படும் பிஷ்ட என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்பது ஒன்று. வங்காளத்திலும் ஒடிசாவிலும் அரிசிப் பலகாரங்களுக்கு வழங்கும் பிட்டா என்ற பெயர் அதற்குத் துணை நிற்கிறது. பிள் என்ற வினையிலிருந்து, பிட்டால் உதிர்வது என்ற பொருளில் வந்தது என்பது மற்றொன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி வடமொழி மூலத்தைச் சொல்கிறது. வங்கத்துச் சான்றை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை. வடசொல் வந்து சேர்ந்தபோது பிள் என்ற நம் வினை அதை மடியில் ஏந்திக்கொண்டது என்று நினைக்கிறேன். பிட்டு என்று சொல்லும்போது தமிழன் காதில் மாவு கேட்பதில்லை, உதிர்வதுதான் கேட்கிறது.

எந்தக் கட்சி வென்றாலும் பிலிப்பைன்ஸ் கதை மாறாது. ஏனென்றால் அங்கே போனது உகரம். வடமொழி வழியாகவோ வங்கத்து வழியாகவோ நேரே போயிருந்தால் இகரத்தோடு போயிருக்கும். பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது: சிங்களத்தில் இந்தப் பண்டம் பிட்டு, இகரத்தோடு. மலாய்க்கும் ஜாவாவுக்கும் தகாலோக்குக்கும் போனது உகரத்தோடு. ஆக, ஏடு எடுத்துச் சென்ற சொல் இது அன்று. தமிழோ மலையாளமோ, சந்தையில் பேசிய வாய், அடுப்படியில் பேசிய வாய் கொண்டுபோன சொல். இலக்கணம் கொச்சை என்று ஒதுக்கிய ஒலிதான் கடல் கடந்து நின்றிருக்கிறது.

அந்த வாய்கள் எப்படிப் போயின என்பதற்குக் கல்வெட்டே இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவைப் பேசுகிறது. அங்கிருந்து கிழக்கே சொற்களைச் சுமந்தது மலாய். மணிலாவுக்குத் தெற்கே லகுனா மாநிலத்தில் கிடைத்த செப்பேடு கி.பி. 900ஐச் சேர்ந்தது, கடன் தீர்ந்ததைச் சொல்லும் அந்த ஏட்டின் மொழி பழைய மலாய். 1521இல் மகெல்லனின் கப்பல்கள் விசாயத் தீவுகளை அடைந்தபோது, அவருடைய அடிமை என்ரிக்கே மலாயில் பேச, தீவின் தலைவனுக்குப் புரிந்தது. இந்த வழியாகத்தான் காவல் தகாலோக்கில் காவால் என்ற படைவீரனாயிற்று, மீசை மிசாய் ஆயிற்று, மாங்காய் மங்கா ஆயிற்று. புட்டும் இந்தக் கூட்டத்தோடு சேர்ந்து போன சொல்.

பெயர் போயிற்று, பண்டமும் கூடவே போயிற்றா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அரிசியை ஊறவைத்து அரைத்து இலையிலோ மூங்கிலிலோ அவிக்கத் தென்கிழக்காசியருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் அவித்துக்கொண்டிருந்ததன்மேல் இந்தப் பெயர் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பொருத்தமான இருக்கை புத்தோ பும்போங்தான். பிருருத்தோங் என்ற கருஊதா அரிசியைப் பசையரிசியோடு கலந்து ஊறவைத்து அரைப்பார்கள். நீரை வடித்துப் பிழிந்து, சல்லடையில் தேய்த்து உதிராக்கி, அழுத்தாமல் குழாயில் இடுவார்கள். மாவு உதிர், மூங்கில், ஆவி, தேங்காய் என்று நான்கும் அதில் சேர்ந்திருக்கின்றன.

அங்கிருந்து பெயர் மற்றப் பலகாரங்களுக்குப் பரவியது. பரவிய திசைதான் வியப்புக்குரியது. நம்மிடம் புட்டு என்ற பெயர் உதிரியைப் பின்தொடர்கிறது. கேழ்வரகுப் புட்டு சரி. சுறாப்புட்டில் மாவே கிடையாது, வேகவைத்து உதிர்த்த மீன் அது. ஆனாலும் உதிர்வதால் புட்டு. பிலிப்பைன்சில் பெயர் ஆவியைப் பின்தொடர்ந்தது. அங்கே ஆவியில் வெந்தால் போதும், உதிர வேண்டியதில்லை. செபுவில் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் பசையரிசி, புத்தோ மாயா. சூடான சாக்லேட் பானத்தோடும் மாம்பழத்தோடும் உண்பது. இலோய்லோவில் மரவள்ளித் துருவலை அவித்தால் புத்தோ லான்சோன். வெறும் புத்தோ என்றால் இட்லியின் ஒன்றுவிட்ட தங்கை போல, புளித்த அரிசி மாவில் உப்பி வருவது. ஒன்று மட்டும் வழி தவறியது: புத்தோ செக்கோ, அதாவது உலர்ந்த புத்தோ, கடித்தால் பொடியாகும் பிஸ்கோத்து. செக்கோ என்பது ஸ்பானியச் சொல். பெயர் சுற்றிச் சுற்றி, ஆவியை விட்டு மறுபடி உதிரிக்கே வந்திருக்கிறது.

வெள்ளைப் புத்தோவுக்கு ஊர்களின் பெருமை உண்டு. பங்கசினானில் கலாசியாவ், லகுனாவில் பின்யான், நேக்ரோஸ் தீவில் மனாப்லா. கலாசியாவ் புத்தோ ஒரு வாய்க்கு ஒன்று என்ற அளவில் சிறியது. மனாப்லாவில் மாவு புளிக்கத் துபா என்ற தென்னங்கள்ளை ஊற்றுகிறார்கள், அடியில் வாழையிலைத் துண்டு வைக்கிறார்கள். ஆப்பத்துக்குக் கள் ஊற்றிப் புளிக்க வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் செய்வது கடினமும் இல்லை. அரிசியை இரவு முழுதும் ஊறவைத்துக் கெட்டியாக அரைக்க வேண்டும். அந்த மாவுக்குக் கலப்போங் என்று பெயர். உளுந்து கிடையாது, பொங்குவதெல்லாம் அரிசியின் புளிப்பால்தான். ஆகவே முந்தைய மாவில் ஒரு கரண்டி சேர்த்து இன்னோர் இரவு மூடி வைத்தால் நல்லது. மறுநாள் சர்க்கரையும் கொஞ்சம் தேங்காய்ப்பாலும் கலந்து, சிறு கிண்ணங்களில் முக்கால் அளவுக்கு ஊற்றி, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். பதினைந்து முதல் இருபது நிமிடம். நான் முதல் முறை இட்லிப் பானையில் வைத்தபோது மூடியிலிருந்து சொட்டிய நீர் ஒவ்வொன்றின் முகத்திலும் அம்மைத் தழும்பு போட்டுவிட்டது. அங்குள்ள பெண்கள் மூடியைத் துணியால் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மூடுவார்கள். அடுத்த முறை நானும் அப்படியே செய்தேன்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் கடை மாவும் பேக்கிங் பவுடரும் முட்டையும் போட்டு அரைமணியில் முடித்துவிடுகிறார்கள். மேலே ஒரு சீஸ் துண்டு. மென்மையாகத்தான் வருகிறது. ஆனால் கலப்போங்கின் மெல்லிய புளிப்பு அதில் வராது. தினுகுவான் என்ற பன்றி இரத்தக் குழம்போடு புத்தோவைச் சேர்த்து உண்பது அங்கே பழைய வழக்கம். அந்தக் கனத்த குழம்புக்கு ஈடுகொடுப்பது புளித்த மாவுதான் என்று அதைச் சுவைத்தவர்கள் சொன்னால் நான் நம்புவேன்.

தெற்கே, போர்னியோவை ஒட்டிய சூலுத் தீவுகளுக்குப் போனால் இந்தச் சொல்லின் இன்னொரு நிலை தெரிகிறது. அங்குள்ள சாமா மக்களில் பலர் கடலிலேயே வாழ்ந்தவர்கள். மரவள்ளிக் கிழங்கைத் துருவி, நஞ்சுச்சாறு போகப் பிழிந்து, உதிராக்கி, ஆவியில் வைத்து, மீனோடு உண்கிறார்கள். கிழங்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பானியர் காலத்தில் வந்து சேர்ந்தது. அரிசி அந்தப் பண்டத்தில் ஒரு மணியும் இல்லை. அவர்கள் அதை அழைப்பது புத்து என்று, இறுதி உகரம் கெடாமல்.