மொறிஸ் மைனரும் ஸ்ரீ இலக்கத் தகடும்

கறுப்பு உடலும் மஞ்சள் கூரையுமாகக் கொழும்பு வீதிகளில் ஓடிய வாடகைக் கார்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றுட் பல மொறிஸ் மைனர்கள்.

1948 இல் இலண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இக்காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் 'மினி'யைப் படைத்தவரும் அவரே. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதலாவது பிரித்தானியக் கார் இதுவாகும். இலங்கையில் இது நடுத்தர வர்க்கத்தின் கௌரவச் சின்னமாயிற்று.

1957 இல் இலக்கத் தகடுகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துப் புகுந்தது. காரும் அரசியலாயிற்று. 1958 இல் தமிழர்கள் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் நடத்தினர். ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் மூண்டது.

இங்கிலாந்தில் 1971 இல் மைனரின் உற்பத்தி நின்றது. இங்கோ இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அதன் ஆயுளை நீடித்தன. 1977 இன் திறந்த பொருளாதாரத்துடன் யப்பானியக் கார்கள் வந்து குவிந்தன. 1984 இல் மொறிஸ் என்ற பெயரே சந்தையிலிருந்து மறைந்தது. ஆயினும் 1990களில் மைனருக்கான உடற்தகடுகள் இலங்கையில் தயாராகி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின.

பம்பலப்பிட்டியில் எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மைனர் வைத்திருந்தார். ஞாயிறுதோறும் அவரே கழுவித் துடைப்பார். 1983 யூலையில் அதை வீதிக்கு இழுத்து வந்து எரித்தார்கள். மதிலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அப்போது நான் சிறுவன்.

அந்தக் காரின் இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து இருந்தது. அது காரைக் காப்பாற்றவில்லை.