46.5 மில்லிமீட்டர் வாக்குறுதி

1950இல் கொரியப் போர் வெடித்தபோது லைஃப் பத்திரிகையின் புகைப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் ஜப்பானில் இருந்தார். அதற்குச் சற்று முன்னால் ஜூன் மிகி என்ற இளம் ஜப்பானியப் புகைப்படக்காரர் அவரை ஒரு படம் எடுத்துக் காட்டியிருந்தார். எடுத்தது 85 மி.மீ. நிக்கோர் லென்ஸில். படத்தின் கூர்மை டங்கனை அசத்திவிட்டது. அந்தக் காலத்தில் ஜப்பான் சாமான் என்றாலே மலிவுச் சரக்கு என்றுதான் மேற்கில் பேச்சு. டங்கன் அதைச் செய்த நிப்பான் கொகாகு நிறுவனத்துக்கே நேரில் போனார், லென்ஸ்களைச் சோதித்தார், தன்னுடைய ஜெர்மானிய லைக்காவில் ஜப்பானிய லென்ஸைத் திருகிக்கொண்டு போர்முனைக்குக் கிளம்பிவிட்டார். அந்த டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் ஜப்பானிய லென்ஸ்களைப் பற்றி எழுதியது. நிக்கான் என்ற பெயரை அமெரிக்கர்கள் கவனிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

டங்கன் கேமராவை மாற்றவில்லை. கண்ணாடியை மட்டும்தான் மாற்றினார். இன்று நண்பர்கள் கேட்பதெல்லாம் நேர் எதிராக இருக்கிறது. "கேமராவை அப்கிரேட் பண்ணப் போறேன், எந்த பாடி வாங்கலாம்?" என்பார்கள். லென்ஸ் பேச்சு கடைசியில்தான் வரும், மிச்சமிருக்கும் காசில். ஆனால் பாடியின் ஆயுள் ஆறேழு வருஷம். நல்ல லென்ஸ் முப்பது வருஷம் உழைக்கும். இரண்டையும் பூட்டி வைக்கிற ஒரு உலோக வளையம் இருக்கிறதே, மவுண்ட், நாம் உண்மையில் முடிவு செய்வது அதைத்தான். கேமரா கம்பெனிகளின் வரலாற்றில் பெரிய சத்தியங்களும் பெரிய துரோகங்களும் நடந்த இடமும் அதுதான்.

1959இல் நிக்கான் எஃப் வந்தது. அதன் மவுண்டுக்கும் ஃபிலிமுக்கும் இடையே 46.5 மி.மீ. தூரம். உள்ளே மேலும் கீழும் அசைகிற கண்ணாடிக்கு அவ்வளவு இடம் வேண்டியிருந்தது. இந்தத் தூரம் ஒரு மயிரிழை மாறினாலும் ஃபோகஸ் கெடும். லென்ஸ்கள் எல்லாம் இந்த எண்ணுக்காகவே கணக்குப் போட்டுச் செய்யப்பட்டவை. நிக்கான் அந்த எண்ணையும் அந்த வளையத்தையும் கடைசிவரை மாற்றவில்லை. உன் லென்ஸை நாங்கள் அனாதையாக்க மாட்டோம் என்பது அதன் பொருள். வாங்குகிறவன் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டான்.

கேனான் வேறு மாதிரி. (ஒரு வேடிக்கை: 1930களில் கேனானின் முதல் கேமராக்களுக்கு லென்ஸ் செய்து கொடுத்ததே நிப்பான் கொகாகுதான்.) 1971 முதல் கேனானுக்கு எஃப்டி என்ற மவுண்ட் இருந்தது. 1985இல் மினோல்டா ஆட்டோஃபோகஸ் கேமராவை இறக்கிச் சந்தையைக் கலக்கியதும் எல்லோரும் அலறியடித்து ஓடினார்கள். நிக்கான் பழைய வளையத்தை வைத்துக்கொண்டு, பாடிக்குள் ஒரு மோட்டாரை வைத்து, ஒரு சின்ன திருப்புளி மாதிரியான தண்டால் லென்ஸைச் சுழற்றியது. கேனான் 1987இல் எஃப்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு இஎஃப் என்ற புது மவுண்டைக் கொண்டுவந்தது. அகலமான வாய், 54 மி.மீ. மோட்டார் லென்ஸுக்குள்ளேயே. பாடிக்கும் லென்ஸுக்கும் மின்சாரத்தில் மட்டும்தான் பேச்சு.

பழைய லென்ஸைப் புது கேமராவில் மாட்டலாமென்றால் அதுவும் முடியாது. எஃப்டிக்கு 42 மி.மீ. தூரம், இஎஃப்புக்கு 44. இரண்டு மில்லிமீட்டர்தான். ஆனால் அந்த இரண்டு மில்லிமீட்டரால் தூரத்து மலை ஃபோகஸ் ஆகாது. நடுவில் இன்னொரு கண்ணாடியைச் செருகினால் ஆகும், படத்தின் தரம் போகும். பத்துப் பதினைந்து வருஷம் சேர்த்த லென்ஸ்களோடு எத்தனை பேர் கடைத்தெருவில் நின்றிருப்பார்கள்!

என் கருத்தில் கேனான் செய்தது துரோகம், ஆனால் சரியான துரோகம். 1990களில் விளையாட்டு மைதானங்களின் ஓரத்தில் வரிசையாக வெள்ளை லென்ஸ்கள் தெரிய ஆரம்பித்தன. எல்லாம் கேனான். பெரிய லென்ஸுக்கு அதனுள்ளேயே மோட்டார் இருப்பதுதான் வேகம் என்பது நிரூபணமானது. நிக்கானும் கடைசியில் அந்த வழிக்கே வந்தது.

டிஜிட்டல் வந்ததும் குழப்பம் இரட்டிப்பானது. 1999இல் நிக்கான் டி1. பழைய லென்ஸ்கள் பூட்டிக்கொண்டன, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது. 28 மி.மீ. லென்ஸ் 42 மாதிரி நடந்துகொண்டது. மணவறையில் மாப்பிள்ளை, பெண், இரு வீட்டார் அத்தனை பேரையும் ஒரே சட்டத்தில் அடக்கிய லென்ஸில் பாதிச் சொந்தக்காரர்கள் வெளியே போய்விட்டார்கள். அதைச் சரிக்கட்ட 2003இல் சின்ன சென்சாருக்கென்றே 12-24 மி.மீ. லென்ஸ் வந்தது, காசு கொடுத்து வாங்கினார்கள். 2007இல் டி3 வந்தது, ஃபிலிம் அளவு சென்சாரோடு. இப்போது அந்த 12-24 சின்னதாகிப்போனது! ஒரே வளையத்துக்குள் ஒரே ஆள் இரண்டு தடவை செலவழித்த கதை இது. பூட்டிக்கொள்வதும் வேலை செய்வதும் ஒன்றல்ல.

இன்னும் நல்ல உதாரணம் 2006இன் டி40. சின்ன கேமரா, கைக்கு அடக்கம், முதல் கேமரா வாங்கியவர்களின் செல்லம். விலையையும் எடையையும் குறைக்க உள்ளே இருந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். மலிவான, அருமையான 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸை ஆசையாக வாங்கி மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். 1959 லென்ஸ்கூட டி40இல் பூட்டிக்கொள்ளும், ஆனால் கேமரா வெளிச்சத்தை அளக்காது. வாக்குறுதியின் வார்த்தை அப்படியே இருந்தது. உள்ளடக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது.

பிறகு நடந்ததை 1987இல் யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. மிரர்லெஸ் கேமராக்களில் அந்த அசையும் கண்ணாடியே இல்லை. 2010இல் சோனி கொண்டுவந்த இ மவுண்டுக்கு 18 மி.மீ. போதும். கேனான் கைவிட்ட எஃப்டி லென்ஸுக்கு 42 வேண்டும். மிச்சம் 24 மி.மீட்டரை ஒரு வெற்றுக் குழாயால் நிரப்பினால் போதும், நடுவில் கண்ணாடி எதுவும் வேண்டாம். அலமாரியில் செத்துக் கிடந்த லென்ஸ்கள் எழுந்து வந்தன, சொந்தக் கம்பெனியில் அல்ல, போட்டிக் கம்பெனியின் கேமராவில். சீந்துவாரில்லாமல் கிடந்தவற்றின் விலையும் ஏறத் தொடங்கியது.

2018இல் நிக்கானும் தன் 46.5ஐ விட்டு 16 மி.மீட்டருக்கு வந்தது. அதே ஆண்டு கேனான் 20க்கு. நிக்கானின் அடாப்டரிலும் அந்தப் பழைய திருப்புளி மோட்டார் இல்லை. டி வகை லென்ஸ்களை மாட்டலாம், கையால் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன வாங்குவது? கம்பெனியின் விசுவாசத்தை நம்பி வாங்க வேண்டாம் என்பேன். நீங்கள் நிற்கப்போகும் இடத்தின் வெளிச்சத்தை நம்பி வாங்குங்கள். நம்முடைய படங்கள் எங்கே எடுக்கப்படுகின்றன? பத்துமலையில் விடியாத இருட்டில், கோயில் மண்டபத்தின் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், கெட்டிமேளம் கொட்டும் அந்தச் சில நொடிகளில். கேமராவோடு இலவசம்போல வரும் 18-55 லென்ஸ் நீட்டிய நிலையில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐந்து வருஷப் பழைய பாடியில் ஒரு 35 மி.மீ. எஃப் 1.8, புதுப் பாடியில் 18-55ஐவிட நல்ல படம் தரும். சின்ன சென்சார் கேமராவுக்கு 35, முழு சென்சாருக்கு 50. முதல் லென்ஸ் அதுவாகவே இருக்கட்டும். ஜூம் எல்லாம் அப்புறம்.

பழைய லென்ஸ் என்றால் சிங்கப்பூரில் பெனின்சுலா பக்கம், கோலாலம்பூரில் புடு பிளாசா பக்கம் போய்ப் பாருங்கள். ஆனால் நம் ஊரில் லென்ஸின் முதல் எதிரி மவுண்ட் மாற்றம் அல்ல, ஈரம். துணிப்பையில் சுற்றி அலமாரியில் வைத்த கண்ணாடியில் பூஞ்சை சிலந்திவலை மாதிரி படரும். மேற்பூச்சைத் தின்றுவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. வாங்கும்போது துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கையில் இருக்கும் பணத்தில் டிரை கேபினட்டுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். உள்ளே ஈரப்பதம் 40இலிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் போதும்.