காம்பரா அளவில் ஒரு பக்கம்

மலையகத் தோட்டங்களில் லயங்களைக் கட்டியவர்கள், காம்பராக்களை ஒரே அளவில், பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடியாகவே கட்டினார்கள். குடிபுகுவோர் மூவரா, ஒன்பதின்மரா என்று எவரும் கேட்கவில்லை. கட்டியவனின் கணக்குக்கு வீடு பொருந்திற்று. வாழ்பவனின் வாழ்வுக்குப் பொருந்தவில்லை. அட்டனிலும் நுவரெலியாவிலும் இணையப் பக்கம் எழுதப் பழகும் மாணவருக்கு நாம் முதற்பாடமாகச் சொல்ல விரும்புவது இந்த வரலாற்றையே.

லயத்தைப் போலவே எழுத்தும் தொழிலாளிக்குப் பொருந்தாதிருந்தது. கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தினார். ஆனால் தோட்டத்து மக்களிற் பலர் எழுத்தறியாதவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை மக்களின் குறைகளைப் பாட்டாக்கித் தொழிலாளர் கூட்டங்களிற் பாடினார். 1940இல் அப்பாடல்கள் நூலாகவும் வெளிவந்தன. கண்ணுக்கு எட்டாத செய்தி காதுக்கு எட்டியது. பின்னர் 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கியது. படிக்க முடியாத தாளொன்று மனிதனை எவ்வளவு தூரத்தில் நிறுத்தும் என்பதை இம்மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

1989இல் ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த உலகளாவிய வலை, 1993 ஏப்ரல் 30 அன்று உலகின் பொதுவுடைமையாயிற்று. எச்.டி.எம்.எல். மொழியில் எழுதிய ஆரம்பப் பக்கங்கள் திரையின் அகலத்துக்கேற்ப மடிந்து கொடுத்தன. அலங்கரிக்க வந்தவர்களே அகலத்தை ஆணியடித்தார்கள். எழுத்தைப் படமாக ஒட்டினார்கள். தமிழுக்கு இன்னொரு சுவரும் எழுந்தது. யூனிகோடு பரவுமுன் தளத்துக்கொரு எழுத்துரு, அதற்கொரு குறியீட்டுமுறை! அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் உருக்குலைந்தது. உரக்க வாசிக்கும் மென்பொருளோ அதைத் தமிழென்றே அறியவில்லை.

தவற்றைத் திருத்தவும் மனிதர் முன்வந்தனர். 1999இல் அணுகல் நெறிமுறைகள் வெளியாயின. 2006இல் பார்வையற்றவரான ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன், என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். 2010இல் ஈதன் மார்க்கோட், திரைக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும் பக்கத்துக்கு இலக்கணம் வகுத்தார்.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது, சிக்னல் தேடி மேடேறிய பிள்ளைகளின் வகுப்பறை ஒரு சிறு கைப்பேசிதான். அவர்களை மனத்திற்கொண்டு எழுதுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் 'வியூபோர்ட்' வரியைச் சேருங்கள். இல்லையேல் கைப்பேசி பக்கத்தை அகன்ற திரைக்குரியதாகக் கருதி எறும்பெழுத்தாகச் சுருக்கிவிடும். சி.எஸ்.எஸ்.ஸில் அகலத்தைப் பிக்சலால் பூட்டாமல் விழுக்காட்டில் எழுதுங்கள்; படத்தின் உச்ச அகலத்தை 100 விழுக்காடாக்குங்கள். எழுத்தளவை 'ரெம்' அலகில் கொடுத்தால், பார்வை மங்கியவர் தம் விருப்பப்படி பெரிதாக்கிக்கொள்வார். நீண்ட தமிழ்ச்சொற்கள் ஒடுங்கிய திரையில் வழிந்தோடாமல் மடிய விடுங்கள். 'லாங்' பண்பில் மொழி தமிழென்று அறிவித்தால்தான் திரைவாசிப்பான் தமிழ்க்குரலைத் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு படத்துக்கும் அதன் பொருளைச் சொல்லும் 'ஆல்ட்' உரை எழுதுங்கள். மீனாட்சியம்மை மேடையிற் செய்த பணியின் சிறுவடிவமே அது.

லயங்களை மாற்றக் காணி வேண்டும், பணம் வேண்டும், அரசு அசைய வேண்டும். அப்போராட்டம் இன்னும் முடியவில்லை. பக்கத்தைத் திருத்தவோ மாணவரின் ஒரு மாலைப்பொழுது போதும். எழுதி முடித்ததும் ஊரிலுள்ள மிகச் சிறிய கைப்பேசியில் அதைத் திறந்து பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, திரைவாசிப்பான் வாசிப்பதைக் கேளுங்கள். எங்கே தடுக்குகிறதோ, அங்கே ஒருவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.