தொடர்வும் காரணமும்: மன்னார் முத்துப்பார்களில் அனுபவவாதம்

மேலை மெய்யியலின் வரலாற்றை ஏட்டுச் சான்றிலிருந்து கண்கண்ட சான்றுக்கு நேரே ஏறிய பாதையாக எழுதுவது வழக்கம். முத்து பற்றிய கருத்துகளும் அந்த வரிசையில் எளிதாகப் பொருந்துவதுபோல் தோன்றும். கி.பி. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, சிப்பி வாய்திறந்து ஏற்கும் பனியே முத்தாகிறது என்று எழுதினார். இலங்கையிற் பிறந்த மருத்துவர் கெலார்ட், 1857-59இல் சிப்பிகளை ஆராய்ந்து, அவற்றிலுள்ள ஒட்டுண்ணிப் புழுக்களை முத்தின் தோற்றத்தோடு தொடர்புபடுத்தினார். 1902இல் ஜேம்ஸ் ஹார்னெலுடன் மன்னார் வளைகுடாவை ஆராய்ந்த விலங்கியலாளர் வில்லியம் ஹெர்ட்மன், நாடாப்புழுவின் இளநிலையே நல்முத்தின் கரு என்று முடிவு கட்டினார். பனியின் இடத்தில் புழு. ஊகத்தின் இடத்தில் அறிவியல்.

இந்த வரிசையை நான் ஏற்கவில்லை. இரண்டு நிகழ்வுகள் எப்போதும் சேர்ந்தே வருவதைக் காண்கிறோமே தவிர, ஒன்று மற்றொன்றை விளைவிப்பதை நாம் காண்பதில்லை என்று மெய்யியலாளர் ஹியூம் 1748இலேயே வாதிட்டிருந்தார். காரணம் எனக் கருதப்படுவது இல்லாத இடத்தில் விளைவும் இல்லாமற் போகிறதா என்று பார்க்கும் வேற்றுமை முறையை, மெய்யியலாளர் மில் 1843இல் வகுத்தார். கண்ணால் கண்டது மட்டும் போதாது என்பதை மேலை மெய்யியலே முன்கூட்டிச் சொல்லியிருந்தது.

மன்னாரில் இதற்குக் கூர்மையான எடுத்துக்காட்டு பெரியபார். கரையிலிருந்து விலகிய அந்தப் பாரில் (சிப்பிப் படுகையில்) இளஞ்சிப்பிகள் திரளாகப் படிந்து பின் மறைந்துவிடும். கரைப்பக்கப் பார்களில் முதிர்ந்த சிப்பிகள் கிடைக்கும். ஆகவே பெரியபார்தான் மற்றப் பார்களுக்குத் தாய், குஞ்சுகள் அங்கிருந்தே நகர்ந்து வருகின்றன என்று அப்பகுதிக் கடலோடிகள் நம்பினார்கள். இளஞ்சிப்பி தன் பற்றிழையைக் கழற்றி இடம்மாறக்கூடியது என்று கெலார்ட் கண்டறிந்திருந்ததால், அது அடிப்படையற்ற நம்பிக்கையுமல்ல. ஹெர்ட்மன் அதை ஏற்கவில்லை. குஞ்சுகள் இடம்பெயரவில்லை, சோழகக் காற்றுக் காலத்துக் கடல் அவற்றை வாரிச் சென்று அழிக்கிறது என்றார். அவர் செய்தது சரியான திருத்தம்.

ஆனால் தமது புழுக்கோட்பாட்டை அவர் அதே கண்டிப்போடு சோதிக்கவில்லை. மன்னார்ச் சிப்பிகளில் புழு மலிந்திருந்தது, முத்தும் விளைந்தது. அந்த உடனிகழ்வே அவருக்குப் பெருஞ்சான்றாயிற்று. அந்தப் புழு முதிர்வது சிப்பி தின்னும் திருக்கையின் குடலில் என்பதால், திருக்கையை ஒழித்தால் முத்தும் குறையும் என்றுகூட அவர் வாதிட்டார். 1912இல் விலங்கியலாளர் லிஸ்டர் ஜேம்சன் இக்கோட்பாட்டை மறுத்தார். சிப்பியின் புறத்தோல் உயிரணுக்கள் உட்சென்று அமைக்கும் பையே முத்தைச் சுரக்கிறது என்பது இன்று நிலைபெற்ற விளக்கம். புழு இல்லாமலும் அந்தப் பை உருவாகும்.

கடலோடிகளும் ஹெர்ட்மனும் தொடர்ந்து கண்டதைக் காரணமாகக் கொண்டனர், இரு தரப்பினரும் தவறினர். முன்னதை மூடநம்பிக்கை என்றும் பின்னதைக் கருதுகோள் என்றும் பிரிப்பதற்கு, கூறியவரின் பதவியன்றி வேறு அடிப்படை எனக்குப் புலப்படவில்லை. அனுபவவாதத்தின் வரலாற்றில் பெரியபாரின் கதை, ஹெர்ட்மனின் ஐந்து தொகுதி அறிக்கை இருக்கும் அதே அத்தியாயத்தில் இடம்பெற வேண்டும்.