குமிழ் இழந்த இரண்டு பீரங்கிகள்



புறநானூற்றின் 95 ஆம் பாட்டை வகுப்பிலே படிப்பிக்கின்ற ஒவ்வொரு தடவையும் ஒரு நூதனசாலைக்குள் நுழைந்த உணர்வே எனக்கு ஏற்படுவதுண்டு. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன்னுடைய படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். அங்குள்ள வேல்கள் மயிற்பீலி அணிந்தும் மாலை சூட்டியும் காம்பு திருத்தி நெய் பூசியும் காவலோடு வைக்கப்பட்டிருக்கின்றன. ஔவையார் அவற்றைப் புகழ்கிறார். பின்னர், எங்கள் அதியமானுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனுடைய சிறிய உலைக்களத்திலே கிடக்கின்றன என்று சொல்கிறார்.

இதனைப் புகழ்வதுபோலப் பழித்தலுக்கும் பழிப்பதுபோலப் புகழ்தலுக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவதே ஆசிரியர் வழக்கம். நானும் பல வருடங்கள் அப்படியே செய்தேன். ஆனால் அந்தக் கொட்டிலிலே ஔவையார் செய்தது ஒரு பரிசோதனையும் ஆகும். ஆயுதத்தைப் பற்றி அதன் சொந்தக்காரன் காட்டிய பெருமையை அவர் பொருட்படுத்தவில்லை. ஆயுதத்தின் நுனியைப் பார்த்தார். இந்த வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது ஒரு பீரங்கி. அதனோடு சேர்ந்து வந்த ஓர் அவமானமும்தான்.

சில வருடங்களுக்கு முன்னர் மாணவர் சிலரைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்றபோது, கடற்கரையோரம் ஆங்கிலேயர் காலத்துப் பீரங்கி ஒன்று கிடக்கக் கண்டோம். அதன் பின்பகுதியிலே 24, 1, 17 என்று மூன்று எண்கள் வெட்டப்பட்டிருந்தன. இது என்னவென்று மாணவன் ஒருவன் கேட்டான். நான் சற்றும் தயங்கவில்லை. 1817 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24 ஆம் திகதி, அதாவது பீரங்கி வார்க்கப்பட்ட நாள் என்று விளக்கம் கொடுத்தேன். மாணவர்களும் பக்தியோடு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள்.

பக்கத்துத் தேநீர்க் கடை வாங்கிலில் ஒரு முதியவர் இருந்தார். முன்னொரு காலத்தில் சங்கக்கடையில் தராசுக்குப் பொறுப்பாக இருந்தவராம். மெல்ல எழுந்து வந்து, "மாஸ்ரர் குறை நினைக்கக் கூடாது. இது திகதியில்லை, நிறை. இருபத்துநாலு அந்தர், ஒரு கால், பதினேழு றாத்தல்" என்றார். எனக்கு முகம் எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வீடு திரும்பியதும் புத்தகங்களைப் புரட்டினேன். முதியவர் சொன்னதே சரி. பிரித்தானியப் பீரங்கிகளில் அவற்றின் நிறையை அந்தர், கால் அந்தர், றாத்தல் என்ற ஒழுங்கிலேயே வெட்டினார்கள். ஓர் அந்தருக்கு 112 றாத்தல், கால் அந்தருக்கு 28. கணக்குப் பார்த்தால் எங்கள் பீரங்கி 2733 றாத்தல். வெங்காயமும் புகையிலையும் அந்தர்க் கணக்கில் நிறுத்துப் பழகிய ஒருவருக்கு ஒரே பார்வையில் விளங்கியது பட்டதாரி ஆசிரியருக்கு விளங்கவில்லை.

அன்றிலிருந்து இத்தகைய குறிகளைப் பற்றி வாசிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. முடியின் கீழ் பின்னிய எழுத்துகள் எந்த அரசன் காலத்துப் பீரங்கி என்று சொல்லும். அகன்ற அம்புக்குறி பிரித்தானிய அரச உடைமை என்பதற்கு அடையாளம். ஒல்லாந்தக் கம்பனியின் பீரங்கியாயின் வீ, ஓ, சீ என்ற மூன்று எழுத்துகளும் ஒன்றையொன்று தழுவிய முத்திரை இருக்கும்; அதன் மேலே ஏ என்ற எழுத்து நின்றால் அது அம்ஸ்டர்டாம் பிரிவுக்குரியது. குறியில்லாத பொருளும் வாய் திறக்கும். ஆனால் அதனிடம் கேட்கும் முறை வேறு. அந்த முறையினால் வெளியான செய்தி ஒன்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

பிரித்தானியப் படையணிகள் பலவும் தத்தமக்கென நூதனசாலைகளை வைத்திருக்கின்றன. அங்கே சேரும் பொருள்களிற் பல விலைக்கு வாங்கப்பட்டவையல்ல. ஓய்வுபெற்ற தளபதியின் பெட்டகத்திலிருந்தும், இறந்துபோன சிப்பாயின் மகளிடமிருந்தும், போர்க்களத்திலிருந்து கப்பலேறியும் வந்தவை. பொருளோடு ஒரு கதையும் கூட வரும். அந்தக் கதையை யாராவது ஓர் அட்டையில் எழுதி வைப்பார். எழுதியவர் ஓய்வு பெற்றுப் போய்விடுவார், அட்டை போகாது. ஐம்பது வருடம் சென்றால் அட்டையே சாட்சியாகிவிடும்.

இலண்டனிலுள்ள வூல்விச் பிரித்தானியப் பீரங்கிப் படையின் தாய்வீடு எனலாம். அப்படையின் நூதனசாலை அங்கே 1820 இல் ரொட்டுண்டா என்னும் வட்டக் கட்டடத்திலே திறக்கப்பட்டது. 1814 ஆம் ஆண்டு வெற்றி விழாவுக்காக ஜோன் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் கூடாரம் போல அமைத்த மண்டபமே அது. பிற்காலத்தில் அச்சேகரிப்பு வூல்விச் ஆயுதசாலை வளவிலே 2001 இல் திறக்கப்பட்ட புதிய நூதனசாலைக்கு வந்தது. அதுவும் 2016 இல் மூடப்பட்டுவிட்டது. அந்தச் சேகரிப்பிலே இரண்டு வெண்கலப் பீரங்கிகள் தனிக் கீர்த்தி பெற்றவை. அவற்றின் பின்புறத்துக் குமிழ்கள் அறுத்தெடுக்கப்பட்டிருந்தன. பீரங்கியின் அடியிலே உருண்டையாகத் தெரியுமே, அதுதான் குமிழ். பாரமான குழலைத் தூக்கவும் கயிறு மாட்டவும் பயன்படுவது.

குமிழ்கள் எங்கே போயின என்பதில் இரகசியமில்லை. விக்ரோறியாச் சிலுவைப் பதக்கம் செய்வதற்காக அறுக்கப்பட்டன. கிரிமியப் போரையொட்டி 1856 ஜனவரி 29 ஆம் திகதி மகாராணியின் ஆணையினால் நிறுவப்பட்ட பதக்கம் இது. தளபதி, சிப்பாய் என்ற பேதமில்லாமல் போர்க்கள வீரம் ஒன்றையே கருதி வழங்கப்படுவது. "வீரர்களுக்கு" என்று பொறிக்கலாம் என ஆலோசனை வந்தபோது, அப்படியானால் பதக்கம் பெறாதவர் வீரரல்லர் என்று பொருள்படுமே என்று கருதிய மகாராணி அதனை "வீரத்துக்காக" என்று திருத்தினாராம். வேற்றுமை உருபின் அருமை தெரிந்த பெண்மணி!

முதலாவது வழங்கல் விழா 1857 ஜூன் 26 இல் ஹைட் பூங்காவிலே நடைபெற்றது. அன்று 62 பேர் பதக்கம் பெற்றனர். பார்ப்பதற்கு அது வெகு சாதாரணமானது. டைம்ஸ் பத்திரிகை அதன் எளிய தோற்றத்தைக் குறைகூறி எழுதியது. ஆயினும் அந்தப் பழுப்பு நிற வெண்கலத்துக்கு ஒரு கதை இருந்தது. பதினொரு மாத முற்றுகையின் பின் 1855 செப்ரெம்பரில் வீழ்ந்த செவஸ்தபோல் கோட்டையிலே கைப்பற்றிய ரஷ்யப் பீரங்கிகளை உருக்கிச் செய்தது என்பதே அக்கதை. எதிரியின் பீரங்கி வீரனின் மார்பிலே பதக்கமாகத் தொங்குகிறது! எந்தக் கவிஞனும் கேட்டால் விடமாட்டான். நம்புவதற்குத் தடையும் இல்லை. செவஸ்தபோல் பீரங்கிகள் பிரித்தானிய நகரங்களுக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் வெற்றிச் சின்னங்களாகப் பங்கிடப்பட்டமை யாவரும் அறிந்ததே. ஆகவே வூல்விச்சிலே குமிழில்லாமல் நின்ற இரண்டும் அவற்றைச் சேர்ந்தவைதாம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்தது.

ஆனால் அவை ரஷ்யப் பீரங்கிகளே அல்ல. சீனப் பீரங்கிகள்.

ஜோன் கிளான்வீல்ட் என்ற வரலாற்றாசிரியர் 2005 இல் வெளியிட்ட நூலிலே இது விரிவாக எழுதப்பட்டது. இதற்குத் துணைபுரிந்தது எக்ஸ் கதிர்ப் பரிசோதனை. உலோகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால் அதிலுள்ள செம்பு, வெள்ளீயம், ஈயம், நாகம் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கேயுரிய கதிரைத் திருப்பி அனுப்பும். எதில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அதைக்கொண்டு மதிப்பிடலாம். பதக்கத்தைச் சுரண்டவோ வெட்டவோ வேண்டியதில்லை. 1914 டிசெம்பர் தொடக்கம் செய்யப்பட்ட பதக்கங்களிற் பெரும்பாலானவற்றின் வெண்கலம் அந்தச் சீனப் பீரங்கிகளிலிருந்து வந்தது என்பது அவருடைய முடிவு.

அப்படியானால் அதற்கு முந்தியவை? நியூகாசில் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் அன்ட்ரூ மரியட் பெருந்தொகைப் பதக்கங்களைப் பரிசோதித்து 2020 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். செவஸ்தபோல் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்பதே அங்கும் விடை. இத்தகைய பரிசோதனைக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கதிர் மேற்பரப்பை மட்டுமே வாசிக்கும். பதக்கங்களுக்கோ கருமை ஏற்றும் பூச்சு உண்டு. ஆதலால் ஒரேயொரு பதக்கத்தை வைத்து எவரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

இந்தச் செய்தி ஒரு படைவீரனின் குடும்பத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. தந்தையின் பதக்கத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, "இது ரஷ்யப் பீரங்கி" என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவர்களுக்கு இது சிறிய இழப்பல்ல. அந்தச் சீனப் பீரங்கிகள் 1839 முதல் 1842 வரை நடந்த முதலாவது அபினிப் போரிலே எடுத்து வரப்பட்டவையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. அபினியை விற்கவிட மறுத்த நாட்டின் மீது தொடுக்கப்பட்ட போர் அது. கிரிமியப் போரைப் பற்றிப் பாடலாம். இதைப் பற்றி எதைப் பாடுவது? பொய்க் கதை நீண்ட காலம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று எனக்கு ஐயமுண்டு. அந்தப் பீரங்கிகளின் பின்னால் நின்று மாண்ட சீனக் குண்டுபோடிகளுக்கு எந்த நூதனசாலையும் அட்டை எழுதவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தியச் சிப்பாய்கள் இப்பதக்கம் பெறலாம் என்று 1911 ஆம் ஆண்டு டில்லி தர்பாரிலேதான் அறிவிக்கப்பட்டது. அதுவரை எவ்வளவு வீரம் காட்டியும் அவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. முதலாவதாகப் பெற்றவர் குதாதாத் கான். 1914 ஒக்ரோபர் 31 ஆம் திகதி பெல்ஜியத்து ஹொலபெக் களத்திலே, தம்முடைய இயந்திரத் துப்பாக்கிக் குழுவினர் அனைவரும் மாண்ட பின்னரும் காயத்தோடு தனித்து நின்று சுட்டவர். அவருக்குப் பதக்கம் அறிவிக்கப்பட்டது அதே வருடம் டிசெம்பரில். சீன வெண்கலம் பதக்கமாகத் தொடங்கிய அதே மாதத்தில். ஆசியாவின் பீரங்கி ஆசியச் சிப்பாயின் மார்புக்கு வரத் தொடங்கிய காலத்திலும் அதனைச் செவஸ்தபோல் வெண்கலம் என்றே உலகம் அழைத்துக்கொண்டிருந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. சங்கத்து ஔவையும் ஆத்திசூடி ஔவையும் ஒருவரே என்று நம்பி, அவருக்கு நெடிய ஆயுளும் கொடுத்து, தலைமுறைகள் பல வாழ்ந்தன. பெயர் என்ற அட்டை ஒன்றாயிருந்தது. செய்யுளின் மொழியை எடுத்துப் பார்த்தபோதுதான் காலங்கள் வேறு என்பது தெரிந்தது. அதனால் ஆத்திசூடியின் மதிப்புக் குறைந்துவிடவில்லை. குதாதாத் கானின் வீரமும் அப்படியே.

மீதமுள்ள குமிழ் வெண்கலம் இங்கிலாந்திலே டொனிங்டன் என்ற இராணுவக் களஞ்சியத்தில் காவலோடு வைக்கப்பட்டது. நிறை 358 அவுன்ஸ், ஏறக்குறைய 10 கிலோ. இன்னும் எண்பது சொச்சம் பதக்கங்களுக்குப் போதும் என்பது கணிப்பு. இதுவரை வழங்கப்பட்டவை 1350 க்கும் மேல்.

நம்முடைய கடற்கரைப் பீரங்கிக்கு வருவோம். மறுநாள் வகுப்பிலே என் பிழையை ஒப்புக்கொண்டு நிறைக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். முன்னர் கேள்வி கேட்ட அதே மாணவன் எழுந்து, "அப்ப சேர், அது எந்த வருசம் செய்தது?" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. முத்திரை இருக்கவேண்டிய இடம் துருவும் உப்பும் பிடித்துக் கிடந்தது.

அடுத்த வருடமும் அதே வழியாகவே போனோம். அவன் வீட்டிலிருந்து ஒரு பழைய பல்துலக்கும் தூரிகையும் போத்தலில் நல்ல தண்ணீரும் கொண்டுவந்திருந்தான். அரை மணித்தியாலம் பொறுமையாகத் துடைத்தபோது முதலில் முடியின் விளிம்பு தெரிந்தது. பிறகு ஜீ, ஆர் என்ற எழுத்துகளும் நடுவிலே 3 என்ற எண்ணும் தெரிந்தன. மூன்றாம் ஜோர்ஜ் மன்னன். 1760 முதல் 1820 வரை. தேநீர்க் கடை வாங்கிலை எட்டிப் பார்த்தேன், முதியவரைக் காணவில்லை. மாணவன் குறிப்புப் புத்தகத்தில் "ஜனவரி 24" என்பதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு, "அறுபது வருசத்துக்குள்" என்று எழுதிக்கொண்டிருந்தான்.